உழவுக்கு முன் மூடாக்கு



வெப்பம் மிகுந்த நாட்டில் நிலத்தை எவ்வளவு உழலாம், எப்படி உழலாம் என்ற கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழவின் எண்ணிக்கையும் ஆழமும் இரண்டாவதாகக் கேட்க வேண்டியவை. ஓர் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் நிலத்தின் மேல் என்ன கிடக்கிறது, என்ன வளர்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. மேலே ஒன்றும் இல்லாத நிலம் உழுதாலும் கெடும், உழாமல் போட்டாலும் கெடும்.

நம் ஊர் வழக்கிலிருந்தே தொடங்கலாம். 'கோடை உழவு கோடி நன்மை' என்று சொல்லாத உழவர் இல்லை. அதில் உண்மை இருக்கிறது. கோரைக்கிழங்கு வெயிலில் காய்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகின்றன. முதல் கோடை மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது. இவை எல்லாவற்றையும் தாண்டி, அப்படி உழுத நிலத்தில் பயிர் கருகருவென்று வருவதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். வள்ளுவரே 1037-ஆம் குறளில், ஒரு பலப் புழுதி கால் பலமாகச் சுண்டும்வரை உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமல் விளையும் என்ற கருத்தைச் சொல்கிறார்.

இது மிகைச்சொல் அன்று. கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பர்ச் என்ற மண்ணியலாளர் 1958-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கான காரணத்தைத் தந்தது. நன்றாகக் காய்ந்த மண் மறுபடி நனையும்போது அதிலுள்ள மட்கு திடீரென்று வேகமாகச் சிதைகிறது. தழைச்சத்து பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் ஒரே பாய்ச்சலாக வெளிவருகிறது. காய்ந்தபோது மடிந்த நுண்ணுயிர்களின் உடல்கள் ஒரு பங்கு. மண்துகள் திரள்களுக்குள் பூட்டிக் கிடந்து, திரள் உடைந்ததும் வெளிப்படும் மட்கு இன்னொரு பங்கு. உயிர் தப்பிய நுண்ணுயிர்கள் இரண்டையும் உண்டு பெருகுகின்றன. உலகம் இதை இன்று பர்ச் விளைவு என்று அழைக்கிறது.

ஆனால் அந்தத் தழைச்சத்து எங்கிருந்து வந்தது? வெயில் அதை உண்டாக்கவில்லை, கலப்பையும் உண்டாக்கவில்லை. முன்பே குதிரில் சேர்த்து வைத்திருந்த நெல்லை எடுத்து உண்டதுதான் அது. ஆண்டுதோறும் குதிரைத் திறந்து உண்பவர் ஆண்டுதோறும் அதை நிரப்பவும் வேண்டும். அடுத்த குறளிலேயே, 1038-இல், ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவது நல்லது என்ற கருத்து வந்துவிடுகிறது. முதல் குறளை மேடைதோறும் சொல்லிவிட்டு, அடுத்ததைச் சேர்த்துப் படிக்காமல் விட்டதில் நமக்கு இழப்பு அதிகம். எருவுக்கு மாடு இருந்தவரையில், ஊர்ப் பொதுக்காட்டிலிருந்து தழை வெட்டி வந்து வயலில் மிதித்தவரையில், கோடை உழவு எடுத்ததை வேறொரு கை திருப்பி வைத்தது. மாடு குறைந்து, தழை நின்று, டிராக்டர் வந்தபின் எடுப்பு மட்டும் பல மடங்காகிவிட்டது.

வெப்பமண்டலத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் ஜென்கின்சனும், நைஜீரியாவில் இபாதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தின் அயனாபாவும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். கதிரியக்கக் கரிமத்தால் அடையாளமிட்ட ரைப்புல்லை இரண்டு ஊர் மண்ணிலும் கலந்து, அது எவ்வளவு வேகமாக மட்கி மறைகிறது என்று அளந்தார்கள். 1977-ல் முடிவு வந்தது. மட்கும் போக்கு இரண்டு இடத்திலும் ஒன்றே. இபாதானில் வேகம் மட்டும் நான்கு மடங்கு. ரோதம்ஸ்டெட்டில் நான்கு ஆண்டில் கரைவது இபாதானில் ஓராண்டில் கரைகிறது. என் மாணவர்களுக்கு நான் முதல் வகுப்பில் சொல்லும் எண் இதுதான். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், குளிர்நாட்டு உழவு முறைகளை இங்கே அப்படியே கொண்டுவந்ததன் பிழை விளங்கும்.

குளிர்நாட்டில் ஆழ உழுது மண்ணைப் புரட்டுவதற்குத் தக்க காரணம் உண்டு. பனிக்காலம் முடிந்ததும் மண் குளிர்ந்து, நீர் கோத்துக் கிடக்கும். புரட்டினால் வெயில் படும், ஈரம் குறையும், விதை முளைக்கும் சூடு வரும். உழவு அங்கே மண்ணைச் சூடாக்கவும் உலர்த்தவும் பயன்படுகிறது. சூடும் உலர்வும் நமக்குக் குறைவாகவா இருக்கின்றன? ஆனாலும் 1860-களில் சென்னை சைதாப்பேட்டையில் அரசின் மாதிரிப் பண்ணை தொடங்கப்பட்டபோது இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகளை வரவழைத்தார்கள். அந்தப் பண்ணையை ஒட்டி 1868-ல் எழுந்த வேளாண் பள்ளிதான் 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், பிற்காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நல்லெண்ணத்தோடு செய்த வேலை அது. நீராவிக் கலப்பை நிலைக்கவில்லை. ஆழப் புரட்டுவதே முன்னேற்றம் என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது.

இபாதானுக்கே திரும்புகிறேன். 2020-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு பெற்ற ரத்தன் லால், 1970-களில் அங்கே 1, 5, 10, 15 சதவீதச் சரிவுகளில் சோதனைப் பாத்திகள் அமைத்து, ஒவ்வொரு மழையிலும் ஓடிவரும் நீரையும் மண்ணையும் அளந்தார். செங்குத்தான சரிவில் வெறுமையாக விட்ட நிலம் ஓராண்டில் எக்டருக்கு 200 டன்னுக்கு மேல் மண்ணை இழந்தது. அதே சரிவில் எக்டருக்கு 4 முதல் 6 டன் வைக்கோல் பரப்பிய இடத்தில் இழப்பு பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. வெற்று மண்ணில் 5 சென்டிமீட்டர் ஆழத்திலேயே பிற்பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. மக்காச்சோள நாற்றின் வேர் தங்கும் இடம் அது. மூடிய மண்ணில் வேர் குளிர்ந்திருந்தது, மண்புழு மேலே வந்து வேலை செய்தது.

மழைத்துளி மண்ணில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய துளி ஒன்று வினாடிக்கு 9 மீட்டர் அளவு வேகத்தில் தரையைத் தாக்குகிறது. அது விழும் இடத்தில் மண்திரள் நொறுங்குகிறது. நொறுங்கிய நுண்துகள்கள் பக்கத்திலுள்ள துளைகளை அடைக்கின்றன. மழை விட்டு வெயில் அடித்ததும் மேலே பொருக்குத் தட்டிவிடுகிறது. அடுத்த மழைக்கு நீர் உள்ளே இறங்க வழியில்லை; முளைக்கும் விதைக்கு வெளியே வரவும் வழியில்லை. நம் செம்மண் நிலங்கள் முழுவதும் இந்தக் கதைதான். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் நாட்டில், இந்தப் பொருக்கு ஒன்றே ஊரின் நீர்வளத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு வலியது. கலப்பை பொருக்கை உடைக்கும். ஓரிரண்டு மழையில் அது மறுபடி படியும். துளி தரையைத் தொடாமல் தடுப்பது இலையும் தாளும் மட்டுமே.

மாணவர்களே, இதை நீங்களே சோதித்துப் பாருங்கள். வரப்போரத்தில் புல்வேர் பிடித்த இடத்திலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்று, நடுவயலிலிருந்து ஒன்று எடுத்து இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல விடுங்கள். நடுவயல் கட்டி சில நிமிடங்களில் பொலபொலவென்று கரைந்து அடியில் சேறாகப் படியும். வரப்பு மண் உருக்குலையாமல் நிற்கும். இரண்டும் ஒரே வயல், ஒரே வகை மண். ஒன்றில் வேரும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்ப் பசையும் துகள்களைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. இன்னொன்றில் கொத்துக்கலப்பையும் ரோட்டவேட்டரும் அந்தக் கட்டை ஆண்டுக்குப் பலமுறை அறுத்திருக்கின்றன. ரோட்டவேட்டர் ஓட்டிய வயல் பார்க்க மாவு சலித்ததுபோல் அழகாக இருக்கும். அந்த அழகு எனக்கு அச்சம் தருகிறது. மேலே சில அங்குலம் தூள், அதற்குக் கீழே எந்திரத்தின் எடையிலும் கத்தியின் உரசலிலும் இறுகிய தட்டு. வேர் அந்தத் தட்டில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

அப்படியானால் உழவையே நிறுத்திவிடலாமா? இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். பிரேசிலின் பரானா மாநிலத்தில் ரோலாண்டியா என்ற ஊரில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற உழவர், ஒவ்வொரு பெருமழையிலும் தன் வயல் சிவந்த ஆறாக ஓடுவதைக் கண்டு மனம் பொறுக்காமல் அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போய், உழாமல் விதைப்பதைப் பார்த்து வந்தார். 1972-ல் தன் நிலத்தில் உழாமலே சோயா விதைத்தார். இன்று அந்த நாட்டில் 3 கோடி எக்டருக்கு மேல் இம்முறை பரவியிருக்கிறது. இதைச் சொல்லும் பலர் கலப்பையை விட்ட கதையாக மட்டும் சொல்கிறார்கள். அங்கே வெற்றி பெற்ற உழவர்கள் கலப்பையை விட்ட அதே மூச்சில் இன்னொன்றும் செய்தார்கள். இரண்டு பணப்பயிர்களுக்கு நடுவே கறுப்பு ஓட்ஸ், முள்ளங்கி வகைகள், பயறு வகைகள் என்று மூடுபயிர் விதைத்து, கத்தி பதித்த உருளையை உருட்டி அதைத் தரையோடு படிய வைத்து, அந்தப் படுக்கையின் ஊடே விதைத்தார்கள். மூடுபயிரை விட்டுவிட்டு ஆண்டுதோறும் சோயா மட்டுமே உழாமல் விதைத்த இடங்களில் மண் இறுகியது. களைக்கொல்லியை நம்பியே வாழ வேண்டிய நிலையும் வந்தது.

உலகம் முழுவதிலும் 63 நாடுகளில் நடந்த 610 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உழவை மட்டும் நிறுத்திய இடங்களில் விளைச்சல் சராசரியாக 9.9 சதவீதம் குறைந்தது. உழவை நிறுத்தியதோடு தாளையும் நிலத்தில் விட்டு, பயிரையும் மாற்றிப் போட்ட இடங்களில் குறைவு 2.5 சதவீதமாகச் சுருங்கியது. மானாவாரியாக, வறண்ட பகுதிகளில் மூன்றையும் சேர்த்துச் செய்தபோது விளைச்சல் 7.3 சதவீதம் கூடியது. நம் மானாவாரி மாவட்டங்கள் கவனிக்க வேண்டிய எண் இந்தக் கடைசி எண். உழாத நிலத்தில் கரிமம் சேர்ந்து உலக வெப்பத்தையே குறைத்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் அவ்வளவாக ஏற்கவில்லை. சேர்வதில் பெரும்பகுதி மேல் சில அங்குலத்தில்தான் சேர்கிறது; ஆழத்தில் அளந்தால் வேறுபாடு சிறுத்துவிடுகிறது. ஆனால் மழைத்துளி விழுவதும் அந்த மேல் சில அங்குலத்தில்தானே? நீர் இறங்குவதற்கு அந்தக் கரிமம் போதும்.

மண்ணுக்கு மண் விதி மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கரிசல் தானே வெடித்து, மேல்மண்ணை வெடிப்புக்குள் விழுங்கி, மழையில் உப்பித் தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண். அதில் உழவைக் குறைப்பது எளிது. செம்மண் அப்படியன்று, மேலே போர்வை இல்லாமல் உழவை நிறுத்தினால் சிமென்ட் களம்போல் ஆகிவிடும். ஏற்கெனவே அடித்தட்டு இறுகிய நிலத்தில் உளிக்கலப்பையால் ஒருமுறை கீறிவிட்டு, உடனே ஆழவேர் விடும் துவரையோ சணப்பையோ போட்டு, அந்த வேரைக் கொண்டு கீறலைத் திறந்தே வைத்திருப்பதுதான் சரி. கீறலை மட்டும் செய்தால் இரண்டு மூன்று ஆண்டில் மறுபடி மூடிக்கொள்ளும்.

தமிழர் கைகள் மண்ணை வெறுமையாக்கவும் பின்னர் மூடவும் உழைத்த இடம் ஒன்று உண்டு. இலங்கை மலையகம். காப்பித் தோட்டக் காலத்திலும் பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு புல்கூட இல்லாமல் சுரண்டிக் களையெடுப்பதே நல்ல நிர்வாகம் என்று துரைமார் நம்பினார்கள். நம் மக்கள் சுரண்டியைப் பிடித்துச் சரிவு முழுவதையும் துடைத்து வைத்தார்கள். காட்டின் கீழ் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவான மேல்மண் ஆறுகளில் இறங்கியது. பிற்காலத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு மருந்தைக் கண்டது. பழைய தேயிலையைப் பிடுங்கியபின் உடனே மறுநடவு செய்யாமல், குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ நட்டு, பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வளரவிட்டு, அவ்வப்போது வெட்டி அதே நிலத்தில் மூடாக்காகப் பரப்ப வேண்டும். பிறகுதான் தேயிலை. ஒன்றரை ஆண்டுக்கு மேல் வருமானம் இல்லாமல் மண்ணுக்குப் புல்லை ஊட்டும் பொறுமையை வணிகத் தோட்டமே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. சுரண்டியதற்கும் கூலி, புல் நட்டதற்கும் கூலி என்று அதே குடும்பங்கள்தாம் இரண்டையும் செய்தன; போன மண்ணின் விலையைக் கணக்குப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை.

இப்போது காவிரிப் படுகைக்கு வருகிறேன். உழவில்லா வேளாண்மையைக் கற்றுக்கொள்ள நாம் பிரேசிலுக்குப் போக வேண்டியதில்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, நிலம் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பாசிப்பயறையும் தெளிப்பார்கள். அரிவாள் வயலுக்குள் வரும்போது பயறு இரண்டு இலை விட்டிருக்கும். தாள் நிழல் தரும். உழவில்லை, பாசனமில்லை, அடியுரமில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் தை மாசிப் பனியையும் குடித்தே பங்குனியில் காய்த்துவிடும். நெல்லுக்காகச் சேற்றுழவு செய்து மண்ணின் கட்டை வேண்டுமென்றே குலைத்த வயல் அது. அந்தக் குலைவைப் பயறின் மெல்லிய வேர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்குகின்றன. உலக ஆய்விதழ்கள் இன்று விரிவாக எழுதும் மூன்று கூறுகளும், அதாவது உழாமை, மூடாக்கு, பயிர்மாற்றம், இந்த ஒரு வழக்கத்துக்குள் அடங்கியிருந்தன.

பயறு முடிந்தபின் கோடைக்குக் கொழுஞ்சி. இதைப்போல் நம் வெயிலுக்கு ஏற்ற மூடுபயிரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்காது. ஆடு மாடு வாய் வைக்காது. அறுவடைக்குப்பின் ஊர்மாடு முழுவதும் வயலில் திரியும் நாட்டில் இது எவ்வளவு பெரிய குணம் என்று எண்ணிப் பாருங்கள். விதையின் தோல் கடினம். மணலோடு தேய்த்து விதைத்தால்தான் நன்றாக முளைக்கும். ஆனால் அதே கடினத்தால், ஒருமுறை விதைத்து உதிரவிட்ட வயலில் சில ஆண்டுகளுக்குத் தானாகவே முளைத்துக்கொண்டிருக்கும். சித்திரை வைகாசி முழுவதும் பசுமையாக மண்ணை மூடி நின்று, நடவுக்கு முன் மடங்கிச் சேற்றில் எருவாகிறது. தக்கைப்பூண்டும் சணப்பையும் விரைவாக அதிகத் தழை தரும். அவற்றுக்குப் பாசனமோ நல்ல மழையோ வேண்டும். நீரில்லாத கோடையில் கொழுஞ்சியும் நரிப்பயறும்தான்.

இந்த வழக்கம் ஏன் தேய்கிறது? அறுவடை எந்திரம் ஒரு காரணம். அதன் சக்கரமும் சங்கிலிப் பட்டையும் முளைத்த பயறை நசுக்குகின்றன. எந்திரம் இறங்க வயல் காய வேண்டும் என்று தண்ணீரை முன்பே வடிப்பதால் பயறுக்கு ஈரம் மிஞ்சுவதில்லை. வைக்கோலைக் கட்டும் எந்திரம் பின்னாலேயே வந்து தரையைத் துடைத்துவிடுகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் எந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளை உயரமாக விட்டு அறுக்கவும், வைக்கோலில் பாதியையாவது வயலில் விடவும், அறுத்த அன்றே உழாமல் பயறு விதைக்கும் கருவியை வாடகைக்குக் கொடுக்கவும் ஏற்பாடு செய்ய முடியும். வைக்கோல் மாட்டுக்கும் வேண்டும், மண்ணுக்கும் வேண்டும். இந்தப் போட்டியில் மாடு எப்போதும் வெல்லும். அது கத்தும், மண் கத்தாது. ஆகவே மாடு தின்னாத மூடுபயிரை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உழவைக் குறைத்தால் முதல் சில ஆண்டுகளில் களை கூடும். களைக்கொல்லி வாங்க முடியாத வீட்டில் அந்தக் களையைக் குனிந்து பிடுங்குபவர்கள் பெண்கள். டிராக்டர்காரருக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று ஆண் சொல்லும் இடத்தில், அந்த மிச்சம் பெண்ணின் முதுகிலிருந்து வருகிறதா என்று கேட்க வேண்டும். கனத்த மூடாக்கு இருந்தால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது, சுமை குறையும். மூடாக்கு இல்லாத உழவின்மையை நான் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, நிலம் யாருடையது என்ற கேள்வி. வட ஹோண்டுராஸ் மலைச்சரிவுகளில் உழவர்கள், அரசு சொல்லாமலே ஒருவரைப் பார்த்து ஒருவராக, பூனைக்காலிக் கொடியை மக்காச்சோளத்தோடு மாற்றி மாற்றி வளர்த்தார்கள். உரப்பயறு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் வாழ்ந்தன. 1990-களில் அது சரியத் தொடங்கியது. புதுக்களை ஒன்று புகுந்தது ஒரு காரணம். கால்நடைப் பண்ணைக்காரர்கள் நிலங்களை வாங்கிக் குவித்ததும், வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர்களுக்கு அடுத்த ஆண்டு அதே நிலம் கிடைக்கும் என்ற உறுதி போனதும் இன்னொரு காரணம். காவிரிப் படுகையிலும் வாய்ச்சொல்லில் ஓராண்டுக்கு நிலம் எடுத்து உழுபவர்கள் ஏராளம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்புக்கு அஞ்சியே எழுதிக் கொடுக்க மறுக்கும் நிலவுடைமையாளர்களும் இருக்கிறார்கள். மூடுபயிரின் பலன் மண்ணில் தெரிய மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அடுத்த ஆடியில் அந்த வயல் யார் கையில் என்று தெரியாதவர் கொழுஞ்சி விதைப்பாரா? எழுத்திலான ஐந்தாண்டுக் குத்தகை இல்லாமல் மண்வளத் திட்டம் எதுவும் குத்தகை உழவரிடம் போய்ச் சேராது என்பது என் உறுதியான எண்ணம். குத்தகையை ஒழுங்குபடுத்துவதையும் மண்வளத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே அரசு கருத வேண்டும்.

இந்தக் கல்லூரியிடமும் வேளாண்மைத் துறையிடமும் ஒரு வேண்டுகோள். கொழுஞ்சி விதையும் நரிப்பயறு விதையும் இன்று தேடி அலைய வேண்டிய பொருளாகிவிட்டன. விதைப் பண்ணைகளில் அவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். தோல் தேய்த்து, முளைப்புத் திறன் பார்த்து, சிறு பைகளில் கட்டி, தை முடிவதற்குள் ஒவ்வொரு கூட்டுறவுக் கடைக்கும் அனுப்பிவிடுங்கள். மாசியில் பயறு நிற்கும்போதே அதன் ஊடே தெளித்துவிடலாம். சித்திரையில் வந்து சேர்ந்தால் ஈரம் போயிருக்கும். விதை பையிலேயே இருக்கும்.